என் மூக்கே சாட்சி

ஜூன் 2, ஞாயிறு

சுலோச்சனா டீச்சருக்கு வணக்கம். முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோட்டின் மேல் நிற்காது. ஒன்று மேலே ஏறும், ஒன்று கீழே சறுக்கும். இரண்டு இடத்தில் பேனா தாளைக் கிழித்துவிட்டது. இந்தப் பக்கத்துக்குக் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன். இப்போது ஒன்பதரை. நடுவில் காபி ஆறிவிட்டது. ஆறிய காபியைச் சந்தோஷமாகக் குடித்தேன்.

தினம் எதையாவது எழுதி ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் காட்டச் சொன்னீர்கள். எதை எழுதுவது என்று கேட்டேன். "உங்களுக்கு என்ன நடக்குதோ அதை எழுதுங்ணா" என்றீர்கள். எனக்கு இந்த வருடம் இரண்டு விஷயம் நடக்கிறது. பொங்கல் முடிந்து உங்களிடம் எழுத்துப் படிக்க வந்தேன். சித்திரையில் நம் அடுக்குமாடியின் நீச்சல் குளத்தில் இறங்கினேன்.

ஊரில் முப்பத்தோரு வருடம் பேரூராட்சியின் மேல்நிலைத் தொட்டியில் வேலை பார்த்தவன் நான். ஊருக்கே தண்ணீர் விட்டேன். ஆனால் நீச்சல் தெரியாது. தொட்டி கழுவும்போது இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்குவேன். எழுபத்தொரு வயதில் கயிறு இல்லாமல் இறங்கியிருக்கிறேன்.

ஜூன் 3, திங்கள்

இன்று ஒன்பது மீட்டர். குளம் இருபத்தைந்து மீட்டர். எதிர்ச் சுவரைத் தொடாமல் விடப் போவதில்லை.

கரையேறியதும் பதினேழு தும்மல். எண்ணியது குளம் பார்க்கும் மணிவேல். "பதினேழுங்ணா. நேத்துப் பதினாலு. நீச்சலை விடத் தும்மல்தானுங் வேகமா முன்னேறுது" என்றான். முதல் நாள் என் முதுகுக்கு அடியில் கை கொடுத்து மிதக்க வைத்தவன் அவன்தான். அவன் என்ன கேலி செய்தாலும் எனக்குக் கோபம் வராது.

இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஆணி இறக்கியது போல வலி. மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகுகிறது. மகள் வசந்தாமணி ஆவி பிடிக்க வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

"இந்த வயசுல இதெல்லாம் எதுக்குங்ப்பா? பார்க்குல நாலு சுத்து நடந்தா ஆகாதா?"

"நடக்கத்தான் ஏற்கெனவே தெரியுமே கண்ணு" என்றேன்.

போர்வைக்குள் இருந்ததால் அவள் முகம் தெரியவில்லை.

ஜூன் 5, புதன்

மூக்கு டாக்டரிடம் கூட்டிப் போனாள். சின்ன வயசு டாக்டர். மூக்குக்குள் விளக்கு அடித்துப் பார்த்தார். உள்ளே சவ்வு வீங்கியிருக்கிறது, குளத்துத் தண்ணீரின் மருந்து அரித்திருக்கிறது என்றார். பத்து நாள் தலையைத் தண்ணீருக்குள் விடக் கூடாது. காய்ச்சி ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டுக் காலை மாலை மூக்கைக் கழுவ வேண்டும். அதற்குப் பிறகு இறங்கினால் மூக்கில் கிளிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

"ஒரேயடியா விட்டுடச் சொல்லுங்க டாக்டர்" என்றாள் வசந்தாமணி.

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "விடற ஆளா தெரியலீங்களே" என்றார். "தாத்தா, மூக்கை மாத்த முடியாது. அந்தத் தண்ணி எப்படி இருக்குதுன்னு யாராச்சும் பாக்கோணும்."

வீட்டுக்கு வந்து துணி காயப்போடும் கிளிப்பை மூக்கில் மாட்டிப் பார்த்தேன். உயிர் போய் வந்தது.

ஜூன் 6, வியாழன்

வலது மூக்கில் ஊற்றிய உப்புத் தண்ணீர் இடது மூக்கில் வருகிறது! எழுபத்தொரு வருடம் எனக்குத் தெரியாமல் இருந்த வழி.

ஜூன் 8, சனி

குடியிருப்போர் சங்கத்திலிருந்து எல்லாருடைய போனுக்கும் ஒரு செய்தி வந்தது. வசந்தாமணி படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள். நான் எடுத்துப் படித்தேன். ஒரு கால் மணி நேரம் ஆனது.

"மூத்தவர்களுக்கான காலை நேரத்தில் ஒருவர் தொடர்ந்து சளியுடன் குளத்தில் இறங்குவதாகப் புகார் வந்துள்ளது. இவரால் மற்றவர்களுக்கும் கண் எரிச்சல், இருமல் பரவுகிறது. இவரைத் தொடர்ந்து அனுமதிப்பதா என்று வரும் சனிக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்யப்படும். செயலாளர்."

செயலாளர் ஜெகநாதன் உங்கள் வீட்டுக்காரர் என்பது எனக்குத் தெரியும் டீச்சர். இருந்தாலும் எழுதுகிறேன். என்ன நடக்கிறதோ அதை எழுதச் சொன்னது நீங்கள்தான். அந்த ஒருவர் நான்தான். சொந்தமாக நான் படித்த முதல் கடிதம் என்னைப் பற்றியே இருக்கிறது. அதில் கொஞ்சம் பெருமையும் வந்தது, மறைக்கவில்லை.

ஆனால் என் சளி யாருக்கும் பரவாது. இது குளத்து மருந்து அரித்ததால் வந்தது என்று டாக்டரே சொல்லிவிட்டார். என்னை வெளியே போகச் சொன்னால் போக மாட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

டாக்டர் மூக்கைத்தான் தண்ணீருக்குள் விடக் கூடாது என்றார். காலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே ஐந்தே முக்காலுக்கே போய்க் கரையில் உட்கார்ந்து காலைத் தொங்கப் போட்டேன். இறங்கினால்தானே அனுமதி வேண்டும்.

ஆறு மணிக்கு மற்றவர்கள் வந்தார்கள். ஏ பிளாக் ரங்கசாமிக்குக் கண் செம்பருத்திப் பூப்போலச் சிவந்திருந்தது. "வயசாச்சுங், கண்ணுல தண்ணி வத்திப் போச்சாமா" என்றார். இன்னொருவர் இருமிவிட்டு "வயசாச்சு" என்றார். எல்லாரும் அவரவர் வயதின் மேல் பழியைப் போடுகிறார்கள். வயது எதிர்த்துப் பேசாது அல்லவா.

நான் அவர்களுக்கு முன்னால் வந்ததால் இன்னொன்றும் பார்த்தேன். மணிவேல் ஓட்டமாக வந்தான். பிளீச்சிங் பவுடரை ஒரு மக்கில் அள்ளினான். ஆழமில்லாத பக்கம், நாங்கள் எல்லாரும் இறங்கும் இடத்தில், அப்படியே காய்ந்த பவுடராக வீசினான். கால் மணி நேரம் கழித்து நாங்கள் அதில்தான் முகம் கழுவுகிறோம்.

டீச்சர், பவுடர் போடுவது எனக்குத் தெரிந்த வேலை. முந்தின சாயங்காலமே வாளியில் கரைத்து மூடி வைக்க வேண்டும். காலையில் சுண்ணாம்பெல்லாம் அடியில் தங்கியிருக்கும். மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் அலுங்காமல் ஊற்ற வேண்டும். மண்டியைக் கொட்டிவிட வேண்டும்.

"ஏன்டா இப்படி?" என்றேன்.

"எனக்குத் தெரியாதுங்களாணா? மூணு குளம் பாக்கறேன். சாயங்காலம் அடுத்த குளத்துல இருக்கோணும். தண்ணியச் சுத்தம் பண்ற மோட்டாரையும் ராத்திரி ஓட்டக் கூடாதுன்னு செயலாளர் ஐயா சொல்லிட்டாருங்." என் தலையைப் பார்த்தான். "நீங்க மட்டும் என்னவாமா. சனிக்கெழமையானா தலை நெறைய எண்ணெய வெச்சுட்டு அப்படியே எறங்கறீங். குளிச்சுட்டு எறங்குங்கன்னா ஒருத்தரும் கேக்கறதில்லீங். எண்ணெயும் வேர்வையும் மருந்தும் சேர்ந்துதானுங் இந்த நாத்தம்."

எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கியது உண்மை.

ஜூன் 11, செவ்வாய்

மோட்டார் அறையில் ஓர் ஆணியில் நோட்டு தொங்குகிறது. ஐம்பது நாளாக அதைப் பார்க்கிறேன். அதைப் படிக்கலாம் என்பது இன்றுதான் தோன்றியது. எழுத்து வந்த பிறகும் பழைய கண்ணோடுதான் நடமாடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தேதி. நேரம். மருந்தின் அளவு சோதித்தது. கையொப்பம். நான்கு பத்தி. எல்லாம் தமிழில்தான்.

ஜூன் 10, காலை 5 மணி, சரி, மணிவேல். ஜூன் 11, காலை 5 மணி, சரி, மணிவேல். ஜூன் 12, காலை 5 மணி, சரி, மணிவேல். அப்படியே ஜூன் 16 வரைக்கும்.

நான் தப்பாகப் படிக்கிறேனோ என்று விரலை வைத்து மூன்று தடவை படித்தேன். வெளியே வந்து ரங்கசாமியிடம் இன்றைக்கு என்ன தேதி என்று கேட்டேன். பதினொன்று என்றார்.

அலமாரியில் சோதிக்கும் பெட்டி இருந்தது. குழாயில் குளத்துத் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வரும். இளமஞ்சள் என்றால் சரி. நிறமே வராவிட்டால் மருந்து இல்லை. கறுத்த மஞ்சள் என்றால் அதிகம். எழுத்துத் தெரியாத காலத்திலும் எனக்கு நிறம் தெரியும். அந்தச் சொட்டு மருந்துப் புட்டியின் மூடியில் ஒட்டிய தாள் இன்னும் கிழியவே இல்லை. மேலே தூசி.

முதலில் சிரிப்பு வந்தது. நாளைக்கு நடக்கப் போவதை இன்றைக்கே எழுதி வைத்திருக்கிறானே என்று. பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

ஜூன் 12, புதன்

எழுத ஒன்றும் இல்லை. மூக்கைக் கழுவினேன். கீரை ஆய்ந்து கொடுத்தேன்.

ஜூன் 13, வியாழன்

வசந்தாமணியிடம் நோட்டைப் பற்றிச் சொன்னேன். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு எடுத்துப் போகப் போகிறேன் என்றேன். தோசைக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நோட்டுப் பேச்சை எடுக்காதீங்ப்பா."

"ஏன் கண்ணு?"

"ஏன்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். டீச்சர், எதற்கு இந்த வயதில் எழுத்து என்று முதல் நாள் கேட்டீர்கள். பஸ் பலகை படிக்க என்று சொன்னேன். நான் அதிகம் பஸ்ஸில் போவதில்லை.

எங்கள் ஊர்த் தொட்டிக்கு அடியிலும் ஒரு நோட்டு தொங்கியது. மேஸ்திரி எழுதுவார். வாரக் கடைசியில் ஏழு கட்டத்தைக் காட்டி "வையி" என்பார். நான் கட்டைவிரலை வைப்பேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டதில்லை. கேட்டு என்ன செய்ய?

ஒரு வருடம் ஆனி மாதத்தில் பன்னிரண்டு நாள் பவுடரே வரவில்லை. மேஸ்திரியிடம் சொன்னேன். வந்துவிடும், தண்ணீரை விடு என்றார். விட்டேன். எங்கள் தெருவில் பதினோரு பேருக்கு வாந்திபேதி. விசாரணைக்கு வந்த அதிகாரி நோட்டை விரித்தார். பன்னிரண்டு நாளும் பவுடர் போட்டதாக எழுதியிருந்தது. பன்னிரண்டு நாளுக்கும் என் ரேகை. "பவுடர் வரலைன்னா போட்டேன்னு எதுக்கு ரேகை வெச்சே?" என்றார். மேஸ்திரி பக்கத்தில் கை கட்டி நின்றார். என்னை ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

அதெல்லாம் ஒன்றும் பெரிதில்லை. அந்தப் பதினோரு பேரில் வசந்தாமணியின் அம்மாவும் ஒருத்தி. பத்துப் பேர் வீடு திரும்பினார்கள்.

வசந்தாமணிக்கு அப்போது பன்னிரண்டு வயது.

இன்று இவ்வளவு போதும். கை வலிக்கிறது.

ஜூன் 15, சனி

கூட்டம் நடந்தது. நீங்கள் அங்கேதான் இருந்தீர்கள், என்றாலும் என் கணக்கில் எழுதி வைக்கிறேன்.

மணிவேலிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். "நோட்டை எடுத்துட்டுப் போறேன்டா. உன்னை மாட்டி விடறதுக்கில்ல." "திங்கக்கெழமையே வாரம் பூராவும் எழுதச் சொன்னது செயலாளர் ஐயாங். ஆனா என் கையெழுத்துத்தானுங்ணா அதுல இருக்குது" என்றான். "தெரியும். அதனாலதான் போறேன்" என்றேன்.

உங்கள் வீட்டுக்காரர் ஆரம்பித்தார். "சென்னியப்பன் ஐயா மேல எங்களுக்கு ரொம்ப மரியாதைங். ஆனா பாருங்க, பெரியவருக்கு வயசு..."

"வயசை விடுங். ஒண்ணு படிச்சுக் காட்டறேன்" என்று நோட்டைப் பிரித்தேன்.

டீச்சர், உங்கள் வகுப்பில் படிக்கும்போது நீங்கள் மட்டும் கேட்பீர்கள். அங்கே நாற்பது பேர். எழுத்தெல்லாம் ஒன்றாக ஓடியது. "ஜூ... ஜூன்..." என்று நிறுத்தினேன். பின்னால் யாரோ "விடியறதுக்குள்ள முடிச்சுருவாருங்களா?" என்றார். சிரித்தார்கள். அவசரப்பட மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன். என் வேகத்தில்தான் படிப்பேன், வேண்டுமானால் காத்திருக்கட்டும்.

"ஜூன் பதினாறு. காலை ஐந்து மணி. மருந்தின் அளவு சோதித்தது. சரி."

மூடி வைத்தேன். "இன்னைக்குத் தேதி பதினஞ்சுங்" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தூசி படிந்த சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து மேசை மேல் வைத்தேன். என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன். "அந்த நோட்டு சரிங்குது. இது சரியில்லைங்குது. ரங்கசாமியோட கண்ணும் சரியில்லைங்குது. எதை நம்பறதுன்னு நீங்களே சொல்லுங்."

உங்கள் வீட்டுக்காரர் எழுந்தார். "மணிவேலு, என்னப்பா இது? நாளையிலிருந்து நீ வர வேண்டாம்."

மணிவேல் கை கட்டி நின்றான். அன்றைக்கு அந்த அதிகாரி முன்னால் நானும் இப்படித்தான் நின்றேன். என் குரல் இவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது.

"அவன் நிக்க மாட்டானுங். அவனை நிறுத்தினா இந்த நோட்டை எடுத்துட்டு மேல இருக்கற அதிகாரிங்ககிட்ட நானே போவேன். திங்கக்கெழமையே வாரம் பூராவும் எழுதி வெக்கச் சொன்னது யாருன்னு அவனைக் கேளுங். மூணு குளத்துக்கு ஒரே ஆளுன்னு வெச்சது யாரு? ராத்திரி மோட்டாரை நிறுத்தச் சொன்னது யாரு? கீழே நிக்கறவன் கையெழுத்தை மட்டும் பாத்துட்டு வீட்டுக்குப் போயிரலாம்னா அது நடக்காதுங்."

மணிவேல் உங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தான். அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து நீங்கள் பேசினீர்கள். "திங்கக்கிழமை காலைல இந்த நோட்டைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பறது நீங்கதானுங்களே. ஏழு நாளும் எழுதியிருக்கறதை நீங்களும் பாத்திருப்பீங்க."

இன்றைக்கு உங்கள் வீட்டில் சமையல் நடந்ததா டீச்சர்? கேட்கக் கூடாதுதான்.

குளத்தை ஒரு வாரம் மூடித் தண்ணீரை மாற்றுவது, குளித்துவிட்டுத்தான் எல்லாரும் இறங்குவது, மணிவேலுக்குச் சாயங்காலம் நம் குளம் மட்டும் என்று முடிவானது. நோட்டில் இன்னொரு பத்தி, சாட்சி என்று. தினம் மணிவேல் சோதிக்கும்போது குடியிருப்பவர் ஒருவர் கூட நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். காலை ஐந்து மணிக்கு யார் எழுந்து வருவது என்று எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் கையைத் தூக்கினேன்.

ஜூன் 16, ஞாயிறு

வசந்தாமணி காலையிலிருந்து பேசவில்லை. சாப்பிடும்போது மட்டும், "மறுபடியும் ஒரு நோட்டுங்களாப்பா?" என்றாள்.

"இது வேற நோட்டு கண்ணு."

"எல்லாம் ஒரே நோட்டுதானுங்ப்பா" என்று எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 24, திங்கள்

குளம் திறந்தது. கரையில் நின்று முகர்ந்தேன். ஒன்றும் இல்லை. நல்ல தண்ணீர் மூக்கிடம் சொல்லிக்கொண்டு வராது. மணிவேல் குழாயில் சொட்டு விட்டான். எலுமிச்சைச் சாறு போல இளமஞ்சள். சாட்சி என்ற கட்டத்தில் பெயர் எழுதினேன். சென்னியப்பன். கட்டம் போதாமல் கடைசி எழுத்து வெளியே தொங்குகிறது. அது அப்படியே இருக்கட்டும்.

இப்போது நீச்சலுக்கென்றே செய்த கிளிப் மூக்கில் இருக்கிறது. தலையில் எண்ணெய் இல்லை. பதினான்கு மீட்டர். இரண்டே தும்மல். ரங்கசாமி, "என்ன இன்னைக்குக் கச்சேரி சுருக்கமா முடிஞ்சுருச்சு?" என்றார். அவர் கண் வெள்ளையாக இருந்தது.

ஜூலை 3, புதன்

இருபது மீட்டர். தும்மல் இல்லை! சந்தோஷத்தில் ஒரு தும்மல் வந்தது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மணிவேலிடம் சொல்லிவிட்டேன்.

ஜூலை 7, ஞாயிறு

இன்று சங்கத்தின் ஆண்டு விழா. காலை எட்டு மணிக்குக் குழந்தைகளுக்கு நீச்சல் போட்டி. அதற்கு முன்னால் மூத்தவர்கள் பிரிவு. அதில் ஒரே போட்டியாளர் நான். ஆகவே ஜெயிப்பது உறுதி, போய்ச் சேர்வதுதான் உறுதியில்லை என்று மணிவேல் சொல்லியிருந்தான்.

ஐந்து மணிக்குப் போனேன். வாளி காலி. நேற்றுச் சாயங்காலம் முழுவதும் மணிவேலைக் கொடி கட்டவும் நாற்காலி போடவும் வைத்திருக்கிறார்கள். கரைத்து வைக்கவில்லை. பவுடரும் முந்தின நாளே தீர்ந்துபோய், புதிது இன்னும் வரவில்லை. மணிவேல் குழாயில் சொட்டு விட்டான். இருவரும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தோம். நிறமே வரவில்லை. வெறும் தண்ணீர்.

மணிவேல் நோட்டில் தன் கட்டத்தில் எழுதினான்: மருந்து இல்லை. முதல் தடவையாக அப்படி எழுதுகிறான்.

ஏழு மணிக்கு உங்கள் வீட்டுக்காரர் வந்தார். பட்டு வேட்டி. என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பெரியவரே, ஒரு நாள்தானுங். முப்பது குழந்தைங்க வந்து நிக்குது. அந்தத் தாளைக் கிழிச்சுட்டு வேற எழுதிக்கலாம். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுருங். ஒரு நாள் தண்ணியில என்னங் ஆயிரப் போகுது?"

அவர் கேட்டது எனக்குப் பழக்கமான கேள்வி. அப்போது எனக்கு அது கேள்வி என்றே தெரியாது. "வையி" என்றால் வைப்பேன்.

"எனக்கு இப்பக் கையெழுத்துப் போடத் தெரியுமுங்" என்றேன். "அதனால போட மாட்டேன்."

"நீங்களும்தானே நீந்தோணும்னு இருந்தீங்?"

"ஆமாங். நானும்தான் நீந்த மாட்டேன்."

கட்டத்தைக் காலியாக விட்டேன். சாட்சி இல்லாவிட்டால் குளம் திறக்கக் கூடாது என்பது அவர்களே எழுதிய விதி. குழந்தைகள் கத்தினார்கள். ஒரு பாப்பா என்னைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். போட்டியை அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். பெரியவர்கள் சிலர் என்னோடு பேசவில்லை. பரவாயில்லை. என்னோடு பேசாதவர்கள் எல்லாரும் நலமாக இருக்கட்டும்.

வசந்தாமணி கீழே இறங்கி வந்தாள். மோட்டார் அறைக்கு அவள் இதுவரை வந்ததே இல்லை. ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்துப் பிரித்தாள். பதிமூன்று சென்னியப்பன்களுக்குப் பிறகு ஒரு காலிக் கட்டம். அதன் மேல் விரலை வைத்தாள். வெகு நேரம் எடுக்கவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். இந்த முறை என் மூக்கு ஒழுகியதற்குக் குளம் காரணமில்லை.

"வாங்ப்பா, காபி போட்டுத் தர்றேன்" என்றாள். நோட்டை அவளே ஆணியில் மாட்டினாள்.

டீச்சர், அடுத்த ஞாயிறு இருபத்தைந்து மீட்டர். சுவரைத் தொட்டால் தொட்டேன் என்று எழுதுகிறேன். நடுவில் நின்றுவிட்டால் எத்தனையாவது மீட்டரில் நின்றேன் என்று எழுதுகிறேன். அடுத்த வார நோட்டு வரும் வரை பொறுத்திருங்கள். நீந்தாமலே இன்றைக்குச் சரி என்று எழுதி வைக்க மாட்டேன்.